இருபத்துமூன்றாம் படியில் ஒரு விக்கல்

எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சின்ன வயதில் மார்கழி பஜனையில் என் கையில் ஜால்ரா கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பிடுங்கிக்கொண்டார்கள். நான் தட்டினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கால் பின்னுகிறதாம். ஜால்ரா போட வராதவன் என்று அன்றைக்கே ஊர் முடிவு செய்துவிட்டது. பிற்பாடு ஷூ கம்பெனியில் வருடக்கணக்காக ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம் என்பாள் என் மனைவி.

அந்த நாற்காலியில் என் வேலை ஜோடி பார்ப்பது, பதவியின் பெயர் செக்கர். ஷூவின் மேல்தோலைத் தைத்து அனுப்புவார்கள். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. இரண்டும் ஒரே நிறமா, ரேகை ஒத்துப்போகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கீறல் விழுந்ததைத் தைத்த லைனுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதும் நான்தான். அதனால் கம்பெனியில் என்னைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெண்கள் நூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருத்திதான் என் மனைவி.

தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் எதையோ முனகிக்கொண்டே தைப்பாள். சினிமாப் பாட்டும் இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும், எங்கேயும் கேட்டிருக்க மாட்டோம். நான்காவது முறை நான் போய் நின்றபோது தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"சார், பீஸ்ல குறை சொல்ல வந்தீங்களா, பாட்டு கேக்க வந்தீங்களா?"

"ரெண்டுலயும் குறை இருக்குது" என்றேன்.

சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பு கல்யாணம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

முனகல் அவளுடைய சொந்தச் சரக்கு. அவள் குடியாத்தத்துக்காரி. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி, லுங்கி ஓடும். பிறந்ததில் இருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவள். தறி போடும் தாளத்தின் மேல் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே எதையோ முனக ஆரம்பித்து, வருடா வருடம் கொஞ்சம் நீட்டி, ஒரு பாட்டாக்கி வைத்திருந்தாள். வார்த்தை கிடையாது. கல்யாணம் ஆகி ஆம்பூர் வந்த புதிதில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. "ரொம்ப அமைதியா இருக்குதுங்க, பேஜாரா இருக்குது" என்பாள். நான் குறட்டை விட்டு என்னால் ஆனதைச் செய்தேன். அது தாளத்தில் இல்லை என்று ஒதுக்கிவிட்டாள்.

அவள் வயிற்றில் பிள்ளை வந்து ஐந்து மாதம் இருக்கும். இந்தப் பாட்டைப் பிள்ளைக்குத் தாலாட்டாகப் பாடுவேன் என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வரும் யோசனைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் வந்தது. இந்தப் பாட்டை ஒரு மெஷினில் ஏற்றி வைத்துவிட்டால் என்ன? அவள் வேலைக்குத் திரும்பிப் போனாலும் பிள்ளைக்கு அம்மாவின் பாட்டு ஓடிக்கொண்டே இருக்குமே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது. எங்கள் பக்கம் இது பெரிய கட்டுப்பாடு. தொட்டில், சட்டை, கிலுகிலுப்பை, ஒன்றும் கூடாது. பிறந்தவுடன் சுற்றுவதற்குக்கூடப் பழைய லுங்கியைத்தான் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைப்பார்கள். என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா, இந்த விஷயத்தில் எங்கள் கம்பெனி செக்யூரிட்டியைவிடக் கறார். "புது துணி ஒரு துண்டு கூடாது மாப்ள. வந்து சேரட்டும். அப்பறம் கடையவே வாங்குங்க" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நம்பாத ஆள் என்று காட்டிக்கொள்ளத் தைரியம் உள்ள ஆளும் இல்லை.

எனக்கு ஒரு தோஸ்த் உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் பழைய கீபோர்டு, மிக்ஸர் எல்லாம் பழுது பார்த்து விற்பான். அவனிடம் போனேன்.

"கீபோர்டு வாசிக்க வருமாடா உனக்கு?"

"ஜால்ராவே வராது."

"அப்ப உனக்கு ஏத்த மெஷின் ஒண்ணு இருக்குது. வாசிக்கவே தெரியாதவனுக்குன்னே பண்ணது."

ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டியை எடுத்து வைத்தான். சீக்வென்சர் என்றான். ஓரத்தில் பல்வரிசை மாதிரி குட்டிக் கட்டைகள். அதற்கு மேலே பதினாறு சின்ன விளக்கு. பதினாறும் நிரம்பினால் அடுத்த பக்கம். அப்படி நாலு பக்கம், மொத்தம் அறுபத்து நாலு ஸ்டெப்பு, அதாவது படி. ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் முதல் விளக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். அதற்கு ஒரு கட்டை. பிறகு அடுத்தது. ஸ்வரத்தை நீட்ட வேண்டுமானால் ஒரு பட்டன். ஒன்றும் வேண்டாம், அந்த இடம் சும்மா இருக்கட்டும் என்றால் அதற்கு ஒரு பட்டன், அதற்குப் பெயர் ரெஸ்ட். எல்லாம் ஏற்றி முடித்து ஓட விட்டால், கை தேர்ந்தவன் வாசித்தது போல் ஓடும், கடைசி வந்ததும் மறுபடி முதலில் இருந்து.

"எத்தன நேரத்துக்குள்ள அழுத்தணும்?" என்று கேட்டேன். எனக்கு எப்போதும் டார்கெட் பயம்.

"நேரமே இல்லடா. நீ இன்னிக்கி ஒரு ஸ்டெப்பு போட்டுட்டு அடுத்த மாசம் வந்து அடுத்தது போடு. அது பாட்டுக்கு மினுக்கிக்கினு நிக்கும்."

அடுத்த மாதம் வரைக்கும் எனக்காகக் காத்திருக்கும் ஒரு பொருளை அதுவரை நான் பார்த்ததில்லை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் இரவல் என்றேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். "தோஸ்த்தோடது. புள்ள பொறந்ததும் திருப்பிக் குடுத்துடணும்." இரவல் வாங்கினால் அது வாங்கியது ஆகாது இல்லையா. அத்தையின் சட்டத்தில் நானே தேடிக் கண்டுபிடித்த சந்து அது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் பக்கத்தின் பதினாறு படிகளை ஆம்பூர் வீட்டிலேயே ஏற்றினோம். பாயில் பெட்டி, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள். அவள் ஒரு ஸ்வரத்தை முனகுவாள். நான் அது எந்தக் கட்டை என்று ஒவ்வொன்றாக அழுத்தி, தப்பானதை அழித்து அழித்துத் தேடுவேன்.

"இதுவா?"

"இல்ல."

"இதுவா?"

"அது கழுத கத்துற மாதிரி இருக்குது."

"அப்ப இதுவா?"

"கிட்ட வந்துட்டீங்க. கொஞ்சம் கம்மி. கம்மின்னேன், எதுக்கு ஜாஸ்தி பண்றீங்க?"

வேலை முடிந்து வந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினால் இரண்டு படி ஏறும். ஒரு நாள் மூன்று ஏறியது, பாயசம் வைத்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவளைக் குடியாத்தம் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோஸ்த்தும் வந்து கைநனைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை. காலை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். முதல் ஞாயிறே அத்தை பையைப் பார்த்துவிட்டார்.

"இன்னா மாப்ள அது பொட்டி?"

"பாட்டுப் பொட்டி அத்த. புள்ளைக்கு."

அத்தையின் முகம் மாறியது. "வாங்கினீங்களா?"

"சேச்சே. இரவல். தோஸ்த்தோடது."

"இரவல்னா சரி" என்று உள்ளே போனார். என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். முழங்கை வரைக்கும் இருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும். அதே வேகத்துக்கு மெஷினின் வேகத்தையும் திருகி வைத்தோம். நான் வளைத்து வளைத்துத் திருகியும் சரியாக வரவில்லை. அவள்தான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்" என்றாள். சுவருக்கு அப்பால் தறியும் இப்பால் பெட்டியும் சேர்ந்து ஓடியபோது உடம்பு சிலிர்த்தது. நான் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் தாளத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை.

இருபத்துமூன்றாம் படியில் நான் ஒரு தப்புச் செய்தேன். சரியான கட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். அழுத்தப் போன நேரத்தில் என் கட்டைவிரல் ரெஸ்ட் பட்டன் மேல் விழுந்துவிட்டது. கவனிக்கவில்லை. அடுத்த படியையும் ஏற்றி, பெருமையாக ஓட விட்டேன். பாட்டு அழகாக ஏறிக்கொண்டே வந்து, இருபத்துமூன்றில் 'க்' என்று ஒரு இடம் விழுந்து, மறுபடி தொடர்ந்தது. தார் ரோட்டில் நடந்து போகிறவன் ஒரு குழியில் கால் வைத்து எழுந்து போவது மாதிரி.

"ஐயய்ய" என்றேன். "இரு, திருத்திடறேன்."

"வேணாம்." அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இது விக்கல் எடுக்கும் பாருங்க, உள்ள. காலைல எடுத்துச்சு. கரெக்டா இதே மாதிரி. விட்டுடுங்க."

"தப்புடீ அது."

"உங்க தப்பு ஒண்ணாவது இந்த வீட்ல உபயோகமா இருக்கட்டும்."

விட்டுவிட்டோம். அதோடு நிற்கவில்லை. மெஷினின் ஒலிப்பெட்டியை வயிற்றின் பக்கம் திருப்பி வைத்து அவள் ஓட விடுவாள். இருபத்துமூன்றில் அந்தக் குழி விழும். விழுந்தவுடன் உள்ளே இருந்து ஒரு உதை. சும்மா சொல்லவில்லை, புடவை அசைவதை என் கண்ணால் பார்த்தேன்.

"பத்து தடவ ஓட்டினா ஏழு தடவ உதைக்குது" என்றாள்.

"அதெல்லாம் இல்ல. நாலு. நான் செக்கரு, என்னை ஏமாத்த முடியாது."

"ஏழு."

"நாலு. ஏழுன்னு எழுதினா ஆடிட்ல மாட்டுவேன்."

"உங்க பொண்ணு உதைக்கறது உங்களுக்குத் தெரியல, உங்க கண்ணு தோலுக்கு மட்டும்தான்."

பொண்ணு என்றே சொல்லுவாள். நான் பையன் என்பேன், அவளை வம்புக்கு இழுப்பதற்காக மட்டும். இந்த ஏழு, நாலு சண்டை நாலு ஞாயிறும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கு எட்டுப் படி. பதினேழில் தொடங்கி நாற்பத்தெட்டு வரைக்கும் வந்துவிட்டோம். இன்னும் இரண்டே ஞாயிறு, ஒரு பக்கம். பிரசவத்துக்கு முன்னால் முடிந்துவிடும் என்று நான் கம்பெனி பாணியில் பிளான் போட்டு வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு போனேன். காலை பத்து மணி இருக்கும். தறி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம் போலப் புதுப் படி ஏற்றுவதற்கு முன்னால் பழையதை ஓட விட்டாள். இருபத்துமூன்று வந்தது, போனது. மறுபடி ஓடியது. மறுபடி வந்தது.

"இன்னிக்கி ஒண்ணும் காணோமே" என்றாள். முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம்.

நான் ஜோக் அடித்தேன்.

"பின்ன? தாலாட்டுன்னா இதுதான் தாலாட்டு. பையன் தூங்கிட்டான். சக்ஸஸ்! இனிமே ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் நாமளே காண்ட்ராக்ட் எடுத்துக்கலாம்."

அவள் சிரித்தாள். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையும் சிரித்தார். அந்தச் சந்தேகம் அவள் முகத்தில் இருந்து போய்விட்டது. நான்தான் போக்கினேன். இந்த வரியை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அசதியாக இருக்கிறது, புதுசு அடுத்த வாரம் ஏற்றலாம் என்று படுத்துக்கொண்டாள். சாப்பிட்டேன். சாயங்கால பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை மதியம் ஒரு இடது கால் தோலைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் வலதைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை போன் செய்தார். "மாப்ள, நேத்துல இருந்து அசைவே இல்லன்னு இப்பதான் சொல்றா. வேலூருக்கு கூட்டிட்டுப் போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார். நின்றுகொண்டே சொல்லும் டாக்டர்கள்தான் நல்ல செய்தி சொல்வார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கொடி சுற்றியிருக்கிறது என்றார். துடிப்பு நின்று இரண்டு நாளுக்கு மேல் இருக்கலாம் என்றார்.

"நேத்து வந்திருந்தா?"

"நேத்து வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

இதை நான் திங்கள், புதன், வெள்ளி நம்புவேன். மற்ற நாட்களில் நம்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னார். கை வீங்கியிருந்தது, வரவில்லை. சோப்பு போட்டு ஒவ்வொன்றாக நான்தான் உருவினேன். இதுவா, இதுவா என்று.

பெண்.

அத்தை துவைத்து வைத்திருந்த பழைய லுங்கியில் சுற்றித்தான் என் கையில் கொடுத்தார்கள். நீலக் கட்டம். அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஆற்றோரம் நானும் மாமாவும் போனோம். பெண்கள் வரக் கூடாது என்பார்கள். என் மனைவி அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். மாமா அன்று முழுக்கத் தறியை ஓட்டவில்லை. மறுநாள் விடிந்ததும், "அப்பா, தறிய ஓட்டச் சொல்லுங்க" என்று மட்டும் அவள் சொன்னாள். 

மூன்றாம் நாள் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோச்சுக்காதீங்க மாப்ள. எதுனா வாங்கி வச்சிருந்தீங்களா? ஒரு சட்ட, ஒரு பொம்ம?"

"இல்ல அத்த."

"அந்தப் பொட்டி?"

"அது இரவல் அத்த."

"அதான. இரவல்னா ஒண்ணுமில்ல." மூச்சை விட்டார். என்மேல் சந்தேகப்பட்டதற்காக வருத்தப்படுகிறவர் போல என் கையைத் தட்டிக் கொடுத்தார். முதல் தடவை அந்தப் பொய்யைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். அது உண்மைதான். ஆனால் பல் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒரு தோலைத் திருப்பும்போது, 'வாங்கினாய் அல்லவா' என்று ஒன்று கேட்கும். பிள்ளைக்கென்று நான் வாங்கியது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். என் நம்பிக்கையின்மை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எங்கேயாவது போய் நின்றுகொள்ளும்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஆம்பூர் வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முனகல் இல்லை. நானும் ஜோக் அடிப்பதை விட்டுவிட்டேன். கம்பெனியில் நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்து, எனக்கு சூப்பர்வைசர் பதவி வரப்போகிறது என்று வதந்தி கிளம்பிவிட்டது. வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். பெட்டி பரண்மேல் இருந்தது. இரண்டு பேருமே மேலே பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். வீட்டில் பரணைப் பார்க்காமல் இருப்பது லேசான வேலை இல்லை, புளிகூட அங்கேதான் இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பெட்டியைத் தோஸ்த்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டால்? திருப்பிக் கொடுத்த பொருள் இரவல் பொருள்தானே. அப்படியானால் நான் அதை வாங்கவே இல்லை என்று ஆகிவிடும். முதல் நாளில் இருந்தே. சிரிக்காதீர்கள். நாலு மாதம் யோசித்துக் கண்டுபிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மாவு அரைக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பரண் ஏறி, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

"வச்சுக்கோடா. ஒண்ணும் வேணாம். சும்மா வாங்கிக்கோ" என்றேன்.

தோஸ்த் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டான். நாற்பத்தொன்பதாவது விளக்கு மினுக்க ஆரம்பித்தது. விட்ட இடத்திலேயே, மூன்றாம் பக்கம் முடிந்து நாலாம் பக்கத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த கட்டை எது என்று கேட்டுக்கொண்டு.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அணைத்து, என் பையில் அவனே திரும்ப வைத்தான்.

"நான் வாங்கினா இன்னொருத்தனுக்கு விப்பேன். அவன் மொதல்ல இத அழிப்பான். நாப்பத்தெட்டும் போய்டும்டா. என்னால முடியாது. எடுத்துட்டுப் போ."

பையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் மாவுத் தூக்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பரண் ஏறிய நாற்காலியை நான் எடுத்து வைக்க மறந்திருந்தேன். திருட்டுத்தனத்திலும் எனக்குப் பயிற்சி போதாது.

"குடுக்கப் போனீங்களா?"

"ம்."

"வாங்கிக்கலையா?"

நான் பையைக் கீழே வைத்தேன். இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது. "இரவல் இல்லம்மா அது. நான் வாங்கினது. உங்கம்மா சொல்லியும் கேக்காம வாங்கினேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் தூக்கை இறக்கி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வளகாப்பு அன்னிக்கே தெரியும். உங்க தோஸ்த் வந்து, 'பாபி, பொட்டி நல்லா வேல செய்யுதா, வித்த பொருளுக்கு நான் கேரண்டி'ன்னு சொல்லிட்டுப் போனாரு." அவன் பாஷையில் அண்ணி என்பதற்கு பாபி. "நீங்க அம்மாகிட்ட இரவல்னு சொன்னப்ப பக்கத்துலதான இருந்தேன். வாங்கினதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பாங்க. சொல்லல. எனக்கு அந்தப் பாட்டு வேணும்னு இருந்துச்சு."

வளையலைத் தள்ளித் தள்ளி அவள் அன்று எண்ணவில்லை, சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாலு மாசமா நான்தான் காரணம்னு நெனச்சினு இருந்தேன்" என்றாள்.

"நீயா? ஜோக் அடிச்சது நான்."

"சிரிச்சது நானு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல? என் வயித்துக்குள்ள இருந்தது. அசைவு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சும் சிரிச்சேன்."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஒரே குற்றத்தை ஆளுக்கு ஒன்றாக, மற்றவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு நாலு மாதம் இருந்திருக்கிறோம். ஜோடி பார்க்கிறவன் நான். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் முகத்தில் என் முகத்தின் ஜோடி இருந்தது எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னதை அவளிடம் மறுபடி சொன்னேன். நேற்று வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றதை. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் சொன்னேன்.

அழுது முடித்தபோது மாவு பொங்க ஆரம்பித்திருந்தது. அவள் எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் வைத்தாள்.

"மீதிய முடிச்சிடலாம்" என்றாள்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். கட்டைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் முனகுவாள் என்று காத்திருந்தேன். அவள் முனகவில்லை.

"அந்த ஒண்ணுமில்லாத பட்டன் எது?"

"ரெஸ்ட்டா? இது."

"அழுத்தாம இப்டியே விட்டா இன்னா ஆகும்?"

"நாப்பத்தெட்டு முடிஞ்சதும் உடனே மொதல்ல இருந்து ஆரம்பிச்சுடும். நாம போடாத வரைக்கும் அந்த எடமே அதுக்குக் கெடையாது."

"சும்மா இருக்கறதையும் ஒண்ணொண்ணா போடணுமா?"

"ஆமா."

"எத்தன?"

"பதினாறு."

அவள் அழுத்தினாள். ஒன்று. விளக்கு நகர்ந்தது. இரண்டு. மூன்று. என்னைப் போல இதுவா அதுவா என்று தேடவில்லை, ஒரே பட்டன்தான். ஏழாவதில் நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. நாங்கள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நேரமே இல்லை என்று தோஸ்த் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று பதினாறு வரைக்கும் போட்டு முடித்தாள். அறுபத்து நாலு.

ஓட விட்டாள். குடியாத்தத்துத் தறியின் வேகம். முதல் பக்கம் ஏறியது, எங்கள் சாயங்காலங்கள். இரண்டாம் பக்கம். இருபத்துமூன்றில் என் கட்டைவிரல் போட்ட குழி விழுந்தது. அவள் கை தானாக வயிற்றுக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, மடியில் இறங்கியது. நான் பார்க்காதது போல இருந்தேன். மூன்றாம் பக்கம் முடிந்தது. பிறகு பதினாறு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் நடந்து போயின. மறுபடி முதல் ஸ்வரம்.

மூன்று சுற்று கேட்டோம். நாலாவதில் அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பத்துக்கு ஏழு தடவ."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள், அது தெரிந்தது. அவளுக்கு வேண்டியது என்ன என்றும் தெரிந்தது.

"நாலு" என்றேன்.

"ஏழு."

"நாலுதான். நான் செக்கரு."

"பொய். ஏழு."

"சரி, ஏழு" என்றேன். ஏழுதான். நானும் எண்ணியிருக்கிறேன்.